மீண்டும் கம்பெடுக்கும் தோள்

தோள் நழுவி வீட்டில் இருக்கும் சிலம்ப மாணவரை நான் அதிகம் எச்சரிக்க விரும்பும் காலம், வலி நின்ற முதல் வாரம். கை மேலே போகிறது. சட்டையைத் தானே மாட்டிக்கொள்ள முடிகிறது. இரவில் அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுத்தாலும் தெரிவதில்லை. மூலையில் சாத்தி வைத்த கம்பு கண்ணில் படுகிறது. எடுத்து மெல்லச் சுற்றிப் பார்த்தால் பழைய வீச்சு அப்படியே வந்துவிட்டது போலத்தான் இருக்கும். உள்ளே கிழிந்த இடத்தில் அப்போது இருப்பதோ இன்னும் முற்றாத தழும்பு. அடுத்த மாதம் மாவட்டப் போட்டி என்றால் கேட்கவே வேண்டாம். தமிழக அரசு வேலைக்கான விளையாட்டு ஒதுக்கீட்டில் சிலம்பமும் சேர்ந்த பிறகு, ஒரு சான்றிதழின் மதிப்பு வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ‘வலிதான் இல்லையே, போய்ட்டு வரட்டுமே’ என்று பெற்றோரே சொல்லிவிடுகிறார்கள்.

வலி அடங்குவதற்கும் மூட்டு தயாராவதற்கும் இடையே பல மாதம் இருக்கலாம். அந்த இடைவெளியை எப்படிக் கடப்பது என்பதற்கு மருத்துவமும் இயற்பியலும் சொல்லும் வரிசை, ஒரு நல்ல ஆசான் புதிய மாணவருக்குப் பாடம் சொல்லும் வரிசையோடு வியப்பூட்டும் அளவுக்கு ஒத்துப்போகிறது. முதலில் காலடி, பிறகு வெறுங்கை, பிறகு மெல்லிய சுற்று, பிறகு வேகம், கடைசியில்தான் எதிராளி.

தோள் ஏன் இவ்வளவு எளிதில் நழுவுகிறது? இடுப்பு மூட்டு ஆட்டுக்கல் மாதிரி. குழவி குழிக்குள் ஆழமாக இறங்கி உட்கார்ந்திருக்கும். தோள்மூட்டு அம்மி மாதிரி. கிட்டத்தட்டத் தட்டையான பரப்பில் குழவி சும்மா நிற்காது, அரைப்பவரின் இரண்டு கைகளும் அழுத்திப் பிடித்திருக்கும்வரைதான் அது தன் இடத்தில் ஓடும். மேற்கை எலும்பின் உருண்டைத் தலையில் மூன்றில் ஒரு பங்குகூட எந்த நேரத்திலும் குழியைத் தொடுவதில்லை. குழியின் விளிம்பைச் சுற்றி லேப்ரம் என்ற நார்க்குருத்து வளையம் ஒன்று ஓடுகிறது. குழியின் ஆழத்தில் ஏறத்தாழப் பாதி அதனால்தான் கிடைக்கிறது. மூட்டைச் சுற்றி ஓர் உறை, உறையில் தடித்த இணைப்பு நார்கள். அரைப்பவரின் கைகளாக வேலை செய்வது ‘ரொட்டேட்டர் கஃப்’ என்ற நான்கு தசைகளின் கூட்டம். தோள்பட்டை எலும்பிலிருந்து கிளம்பி, மேற்கை எலும்பின் தலையை முன்னும் பின்னும் மேலுமாக அணைத்து, எப்போதும் குழிக்குள்ளேயே அமுக்கிக்கொண்டிருப்பதுதான் இவற்றின் வேலை. கையை வீசுவது பெரிய தசைகள். வீசும்போது மூட்டை இடத்தில் வைத்திருப்பது இந்தச் சிறிய தசைகள்.

அம்மியே நகரக்கூடியது என்பது இன்னொரு விந்தை. தோள்பட்டை எலும்பு விலாக்கூட்டின் மேல் தசைகளின் பிடியில் வழுக்கி நகர்கிறது. கையைப் பக்கவாட்டில் முழுதாகத் தலைக்கு மேல் தூக்கும்போது, அந்த 180 பாகையில் சுமார் 120 மட்டுமே மூட்டில் நடக்கிறது. மீதி 60 பாகை தோள்பட்டை எலும்பு திரும்புவதால் வருகிறது. 1944இல் இன்மன் என்ற ஆய்வாளரும் அவருடைய தோழர்களும் அளந்து சொன்ன இந்த இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கு தோராயமானதுதான் என்றாலும் இன்றும் பாடப்புத்தகத்தில் இருக்கிறது.

இதைக் களத்திலேயே பார்க்கலாம். சட்டையில்லாமல் கம்பு சுற்றும் ஒருவருக்குப் பின்னால் நின்று முதுகை மட்டும் கவனியுங்கள். கம்பு தலைக்கு மேல் போகும்போது இரண்டு தோள்பட்டை எலும்புகளின் கீழ்முனைகளும் வெளிப்பக்கமாகச் சீராக வழுக்கிப் போகும். இறங்கும்போது அதே சீரில் உள்ளே வரும். காயம்பட்டுத் திரும்பியவரின் முதுகு வேறு மாதிரி தெரியும். கை பாதி உயரம் போவதற்குள் தோள் காதை நோக்கி ஏறிவிடும். கை இறங்கும்போது தோள்பட்டை எலும்பின் உள்விளிம்பு தோலுக்கடியில் துருத்திக்கொண்டு நிற்கும். அவருக்கு வலி இருக்காது. கேட்டால் ‘சரியாகிவிட்டது’ என்றுதான் சொல்வார். ஆனால் சிறிய தசைகள் செய்ய வேண்டிய வேலையைக் கழுத்துத் தசை இழுத்துப்போட்டுக்கொண்டு செய்வதை முதுகு காட்டிக்கொடுத்துவிடும். பயிற்சியாளர்களுக்கு நான் ஒன்றை மட்டும் கற்றுக்கொடுக்கலாம் என்றால், பின்னால் நின்று பார்க்கும் இந்தப் பழக்கத்தைத்தான் கற்றுக்கொடுப்பேன்.

உடலின் பெரிய மூட்டுகள் நழுவும் நிகழ்வுகளில் ஏறத்தாழப் பாதி தோளில் நடப்பவை. அவற்றிலும் மிகப் பெரும்பாலானவற்றில் மேற்கை எலும்பு முன்பக்கமாக வெளியேறுகிறது. கை பக்கவாட்டில் உயர்ந்து, முழங்கை மடிந்து, உள்ளங்கை முன்னோக்க, முன்கை பின்னால் சாய்ந்திருக்கும் நிலைதான் அதற்கு வாகானது. தலைக்கு மேலிருந்து வெட்டி இறக்குவதற்காகக் கம்பை ஓங்கும் நிலையும் அதுவே. அந்த நொடியில் எதிராளியின் கம்பு மோதிக் கையைப் பின்னுக்குத் தள்ளினாலோ, கால் வழுக்கிக் கையை ஊன்றி விழுந்தாலோ எலும்பின் தலை முன்விளிம்பைத் தாண்டிவிடும். போகும்போது லேப்ரத்தைக் குழியின் விளிம்பிலிருந்து பிய்த்துக்கொண்டு போகும். லண்டன் அறுவை மருத்துவர் பேங்கார்ட் 1923இல் இந்தப் பிளவைத்தான் மீண்டும் மீண்டும் தோள் நழுவுவதற்கான காரணம் என்று எழுதினார். இன்றும் அது அவர் பெயரால்தான் அழைக்கப்படுகிறது. வெளியே போன எலும்புத் தலை விளிம்பில் இடித்து, அதன் பின்புறத்தில் ஒரு பள்ளமும் விழலாம். அதை 1940இல் விவரித்த ஹில், சாக்ஸ் இருவரும் எக்ஸ்ரே நிபுணர்கள்.

இந்த இடத்தில் கண்டிப்பாக ஒன்று சொல்ல வேண்டும். ‘தோள் இறங்கிருச்சு’ என்றவுடன் களத்திலேயே கையைப் பிடித்து இழுத்துப் போடும் வழக்கம் பல ஊர்களில் இருக்கிறது. நழுவலோடு எலும்பு முறிவும் சேர்ந்திருந்தால் அந்த ஓர் இழுப்பு பெருங்கேட்டில் முடியும். மேற்கையைச் சுற்றிப் போகும் நரம்பு ஒன்று மூட்டுக்கு மிக அருகில் இருக்கிறது. மேற்கையின் வெளிப்பக்கம் மரத்துப்போனால் அந்த நரம்பு நசுங்கியிருக்கலாம். கையை உடலோடு சேர்த்துத் துணியால் கட்டி மருத்துவமனைக்குக் கொண்டுபோய், எக்ஸ்ரே எடுத்த பிறகு பொருத்துவதே முறை.

தோள் நழுவிய போர்க்கலைப் பயிற்சியாளரின் கவலை மிகப் பழையது. சுமார் 2,400 ஆண்டுகளுக்கு முன் கிரேக்கத்தில், ஹிப்போகிரட்டீஸ் பெயரில் வழங்கும் மூட்டுகள் பற்றிய நூல் இதைப் பேசுகிறது. அடிக்கடி தோள் நழுவியதால் நல்ல உடற்பயிற்சி வீரர்கள் பயிற்சியை விட நேர்ந்ததையும், போரில் கை உதவாமல் பலர் மாண்டதையும் அது வருத்தத்தோடு குறிப்பிடுகிறது. அக்குளில் காய்ச்சிய இரும்பால் சூடு போட்டுத் தழும்பு உண்டாக்கினால் மூட்டு இறுகும் என்பது அந்த நூல் சொல்லும் சிகிச்சை. கொடுமையான வழிதான். ஆனாலும் தளர்ந்த இடத்தில் இறுக்கமான தழும்பு வேண்டும் என்ற எண்ணம் தவறில்லை.

அந்தத் தழும்பு எப்படி உருவாகிறது என்பதில்தான் காலக்கணக்கு இருக்கிறது. முதல் சில நாள் வீக்கமும் வலியும். பிறகு சில வாரங்களுக்குச் செல்கள் கொலாஜன் இழைகளை அவசர அவசரமாக நெய்கின்றன. அந்த இழை மெல்லியது, எல்லாத் திசையிலும் தாறுமாறாகக் கிடப்பது. வலி போவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். அதன்பின் மாதக்கணக்கில், சில சமயம் ஓர் ஆண்டுக்கு மேலும், மெல்லிய இழைகள் கரைந்து தடித்த இழைகள் வருகின்றன. எந்தத் திசையில் இழுவிசை விழுகிறதோ அந்தத் திசையில் அவை அடுக்கப்படுகின்றன. இழுவிசையே இல்லாவிட்டால் அடுக்கு சரியாக அமையாது. அளவு மீறினால் மறுபடி கிழியும். பயிற்சியைப் படிப்படியாகக் கூட்டச் சொல்வதற்குக் காரணம் இந்த இழைகள். ‘முழு ஓய்வு’ என்று ஆறு மாதம் கம்பைத் தொடாமல் இருப்பவரும், ‘ஒன்றும் ஆகாது’ என்று ஆறாவது வாரம் போட்டிக்குப் போகிறவரும் அவற்றுக்குக் கெடுதலைத்தான் செய்கிறார்கள்.

கையைத் தொங்குபட்டையில் நீண்ட நாள் கட்டி வைத்தால் மறுபடி நழுவாது என்று மருத்துவர்களும் நெடுங்காலம் நம்பினார்கள். ஸ்வீடனில் ஹோவேலியஸ் என்ற எலும்பு மருத்துவரின் குழு, 1978, 1979 ஆண்டுகளில் முதன்முறையாகத் தோள் நழுவிய 12 முதல் 40 வயது வரையானவர்களின் 229 தோள்களை 25 ஆண்டு தொடர்ந்து கவனித்தது. மூன்று நான்கு வாரம் கட்டி வைத்ததும், உடனே கையை அசைக்க விட்டதும் பின்னால் பெரிய வேறுபாடு எதையும் உண்டாக்கவில்லை. வேறுபாடு உண்டாக்கியது வயது. இளவயதில் நழுவிய தோள்தான் அதிகம் திரும்ப நழுவியது. அறுவையில்லாமல் விடப்பட்ட தோள்களில் பாதி, 25 ஆண்டின் முடிவில் ஒருமுறைகூடத் திரும்ப நழுவாமலோ, சிலமுறை நழுவித் தானே நிலைபெற்றோ இருந்தன. எதிராளியோடு மோதும் விளையாட்டில் இருக்கும் பதினேழு வயதுக்காரருக்கு மருத்துவர்கள் முதல் நழுவலிலேயே அறுவை பற்றிப் பேசுவது அந்த மற்றப் பாதியை மனதில் வைத்துத்தான். நாற்பதைத் தாண்டியவருக்குக் கணக்கு வேறு. அவருக்குத் தோள் திரும்ப நழுவும் வாய்ப்பு குறைவு. ஆனால் நழுவியபோதே ரொட்டேட்டர் கஃபின் தசைநாண் கிழிந்திருக்கும் வாய்ப்பு அதிகம். எக்ஸ்ரேயில் அது தெரியாது. சில வாரமாகியும் அவரால் கையைத் தானாகத் தூக்க முடியவில்லை என்றால் அல்ட்ராசவுண்டோ எம்ஆர்ஐயோ எடுத்துப் பார்க்க வேண்டும்.

கை தொங்குபட்டையில் இருக்கும் வாரங்கள் வீணாகப் போக வேண்டியதில்லை. சிலம்பத்தில் பாதி வித்தை காலில்தானே இருக்கிறது. கை உடலோடு ஒட்டியிருக்க, விழும் ஆபத்து இல்லாத தரையில், குதிக்காமல் நிதானமாகக் காலடி பழகலாம். மணிக்கட்டையும் விரல்களையும் அசைக்கலாம். மற்றக் கைக்கும் இப்போது வேலை கொடுக்கலாம். அதற்கு ஒரு நல்ல காரணமும் உண்டு. 1894இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்கிரிப்சர் என்ற உளவியலாளர், ஒரு கையால் மட்டும் ரப்பர் குமிழைப் பிழியும் பயிற்சி கொடுத்துப் பார்த்தார். பயிற்சியே பெறாத மற்றக் கையின் பிடியும் பலப்பட்டிருந்தது. பின்னால் வந்த ஆய்வுகள் பலவும் இதை உறுதி செய்தன. மாறுவது தசையின் பருமன் இல்லை; மூளையும் தண்டுவடமும் தசைக்கு ஆணையிடும் விதம்தான் மாறுகிறது. பலன் சிறியதுதான். ஆனாலும் கட்டுப்பட்டிருக்கும் கை தன் பலத்தை முழுக்க இழந்துவிடாமல் அது காக்கும். வலக்கையிலும் இடக்கையிலும் ஒரே வீச்சைப் பழக்கும் சிலம்பத்தில், இடக்கையை வலக்கைக்கு நிகராக்க இதைவிட நல்ல காலம் வாய்க்காது.

மருத்துவர் அனுமதித்த பிறகு இயன்முறை மருத்துவரிடம் போனால் அவர் முதலில் எடுத்துக் கொடுப்பவற்றுள் ஒன்று, ஒரு கம்பு. மல்லாந்து படுத்து, இரண்டு கையாலும் அதைப் பிடித்து, நல்ல கையின் பலத்தில் காயப்பட்ட கையை மெல்ல மேலே கொண்டுபோகச் சொல்வார். சிலம்பக்காரருக்குக் கம்போடான உறவு இங்கேயே மறுபடி தொடங்கிவிடுகிறது. அதன்பின் சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, அக்குளில் சுருட்டிய துண்டை இடுக்கிக்கொண்டு ரப்பர் பட்டையை வெளிப்பக்கம் இழுப்பது, தோள்பட்டைகளைப் பின்னால் சேர்த்துப் படகு வலிப்பது போல இழுப்பது. பார்க்க மிகச் சாதாரணமானவை, ஒரு வீரருக்குச் சலிப்புத் தருபவை. அந்தச் சிறிய தசைகளைத் தனியாகப் பிடித்து வேலை வாங்க இவற்றைவிட நேரான வழி இல்லை. செய்யும்போது கொஞ்சம் வலித்து, மறுநாள் காலைக்குள் அடங்கினால் அளவு சரி. இரவில் தூக்கத்தைக் கெடுத்தால் அளவு மிஞ்சிவிட்டது.

இனி கம்பின் இயற்பியல். இதைச் சரியாகப் புரிந்துகொண்டால் பாதி விபத்து தவிர்ந்துவிடும். சீரான ஒரு கம்பை நடுவில் பிடித்துச் சுழற்றுவதைவிட, முனையில் பிடித்துச் சுழற்றுவதற்கு நான்கு மடங்கு திருப்புவிசை தேவை. அதே கம்பு, அதே கை. பிடி மட்டும்தான் வேறு. இன்னொரு விசையும் இருக்கிறது. 160 செ.மீ. நீளமும் அரைக் கிலோ எடையும் உள்ள கம்பை முனையில் பிடித்து, வினாடிக்கு இரண்டு சுற்று சுற்றுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கம்பின் நிறைமையம் கையிலிருந்து 80 செ.மீ. தள்ளி ஓடுகிறது. அது கையை வெளியே இழுக்கும் விசை சுமார் 63 நியூட்டன். ஏறத்தாழ ஆறரைக் கிலோவைக் கையில் தொங்கவிட்டதற்குச் சமம். அரைக் கிலோ கம்பு ஆறரைக் கிலோவாக இழுக்கிறது, அதுவும் வினாடிக்கு இரண்டு முறை எல்லாத் திசையிலும் மாறி மாறி. வேகத்தை மூன்று சுற்றாக்கினால் விசை ஒன்றரை மடங்கு ஆகாது. வேகத்தின் இருமடி கணக்கில் இரண்டேகால் மடங்கு ஆகும், பதினான்கு கிலோவைத் தாண்டிவிடும். நடுவில் பிடித்துச் சுழற்றினால் நிறைமையம் கைக்குள்ளேயே இருப்பதால் இந்த இழுப்பு கிட்டத்தட்ட இல்லை.

ஆகவே திரும்பி வருபவருக்கான வரிசை தானே கிடைக்கிறது. முதலில் குட்டைக் கம்பு, நடுப்பிடி, இடுப்புயரச் சுற்று. அடுத்து முழுநீளக் கம்பு, அதே நடுப்பிடி. பிறகு தோளுயரம், தலைக்கு மேல். பிறகு பிடி மெல்ல முனையை நோக்கி நகரலாம். வேகம் எல்லாவற்றுக்கும் கடைசி. ஒரு பயிற்சியில் ஒன்றைத்தான் கூட்ட வேண்டும். நீளத்தையும் வேகத்தையும் ஒரே நாளில் கூட்டக் கூடாது. இரட்டைக் கம்பும் சுருள்வாளும் இதற்கெல்லாம் பிறகுதான்.

பலம் திரும்பினாலும் பிந்தி வருவது ஒன்று உண்டு: கண்ணை மூடினாலும் கை எங்கே இருக்கிறது என்று தெரியும் உணர்வு. மூட்டுறையிலும் நார்களிலும் தசைகளிலும் இதற்கான நரம்பு முனைகள் இருக்கின்றன. நழுவலில் உறை கிழியும்போது அவையும் பாதிக்கப்படுகின்றன. 1994இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் லெஃபார்ட் என்ற ஆய்வாளரின் குழு இதை அளந்தது. கையை மிக மெல்லத் திருப்பி, அசைவு எப்போது தெரிகிறது என்று கேட்டபோது, நிலையற்ற தோள் தன் மறுபக்கத் தோளைவிடத் தாமதமாகவே உணர்ந்தது. அறுவையால் சரிசெய்யப்பட்ட தோள்களில் அந்த வேறுபாடு மறைந்திருந்தது. முதுகுக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாமல் கம்பு சுழலும் கலையில் இந்தத் தாமதம் சிறிய விஷயம் இல்லை. அடி விழுந்த பிறகு தசை இறுகத் தொடங்கினால் நேரம் போதாது. அடி வருமுன்பே இறுகியிருக்க வேண்டும். அதற்கு உதவும் பயிற்சி எளியது. கண்ணை மூடிக் கம்பை நீட்டிப் பிடித்து நிற்க வேண்டும். தோழர் ஒருவர் கம்பின் முனையை எந்தத் திசையில் என்று சொல்லாமல் விரலால் மெல்லத் தட்ட வேண்டும். கம்பு அசையாமல் நிற்கப் பழக வேண்டும்.

பிந்திச் சரியாகிறவற்றில் பயத்தையும் சேர்க்கிறேன். ஓங்கும் நிலைக்குக் கை போனவுடன் ‘இப்போது கழன்றுவிடும்’ என்று உடல் பின்வாங்குவதை மருத்துவர்கள் ஒரு சோதனையாகவே வைத்திருக்கிறார்கள். 2014இல் ஜெனீவா ஆய்வாளர்கள், இப்படிப் பயம் உள்ளவர்களுக்குத் தோள் அசைவுகளைக் காணொளியாகக் காட்டி மூளையை ஸ்கேன் செய்தபோது, இயக்கம், கவனம், உணர்ச்சி தொடர்பான மூளைப் பகுதிகளின் இணைப்பு மாறியிருப்பதைக் கண்டார்கள். எனவே ‘பயப்படாதே’ என்று அதட்டிப் பயனில்லை. அந்த நிலைக்குக் கையை மெல்ல, பலமுறை, விபத்தில்லாமல் கொண்டுபோய் வருவதுதான் மருந்து. பயந்து பின்வாங்கும் மாணவரைக் கோழை என்று களத்தில் சொல்லும் ஆசான் தன் மாணவரின் நரம்பு மண்டலத்தைப் புரிந்துகொள்ளவில்லை.

எதிராளியைக் கம்பால் தொட்டுப் புள்ளி எடுக்கும் தொடுமுறைப் போட்டிக்கு எப்போது போகலாம்? நாள்கணக்கு ஓர் எல்லை மட்டும்தான். அறுவை செய்து லேப்ரத்தைத் தைத்தவர்கள் மோதல் விளையாட்டுக்குத் திரும்பப் பொதுவாக ஆறு மாதம் ஆகிறது. கஃப் தசைநாண் தைத்தவர்களுக்கு அதற்கு மேலும் ஆகலாம். நாள் வந்துவிட்டாலும் தோளைச் சோதித்துத்தான் அனுப்ப வேண்டும். இரண்டு கையும் ஒரே உயரம் எழ வேண்டும், ஒரே அளவு திரும்ப வேண்டும். காயப்பட்ட கையின் பலம் மற்றதில் குறைந்தது 90 சதவீதம் வேண்டும். கையை வெளிப்பக்கம் திருப்பும் தசைகளின் பலம், உட்பக்கம் திருப்புபவற்றில் மூன்றில் இரண்டு பங்காவது இருக்க வேண்டும். கருவி இல்லாத ஊரில் செய்யக்கூடிய சோதனையும் உண்டு. தரையில் மூன்று அடி இடைவெளியில் இரண்டு கோடு போட்டு, தண்டால் நிலையில் கோட்டுக்கு ஒரு கை ஊன்றி, ஒரு கையால் மற்றக் கையைத் தொட்டுத் திரும்புவதை மாறி மாறி 15 வினாடிக்குச் செய்ய வேண்டும். இருபது தொடுதலுக்கு மேல் தடுமாறாமல் போனால் தோள் உடலைத் தாங்குகிறது என்று பொருள். இதைப் பலம் திரும்பும் கடைசிக் கட்டத்தில், பயிற்றுநர் பார்வையில் மட்டுமே செய்ய வேண்டும்.

எதிராளியோடு நிற்பதிலும் படிகள் இருக்கின்றன. முதலில் எந்த அடி வரும் என்று சொல்லிவிட்டு அடிக்க வேண்டும், பாதி வேகத்தில். பிறகு இரண்டில் ஒன்று வரும் என்று மட்டும் சொல்லலாம். சொல்லாமல் அடிப்பது அதற்குப் பின். பயிற்சியின் கடைசிப் பத்து நிமிடத்தில் தோள் காதை நோக்கி ஏறத் தொடங்குகிறதா என்று பின்னால் நின்று பார்க்க வேண்டும். ஏறினால் தசை களைத்துவிட்டது, அன்றைக்கு அத்தோடு போதும். போட்டிக்குத் திரும்பிய பிறகும் ரப்பர் பட்டைப் பயிற்சியை வாரத்தில் இரண்டு மூன்று நாள் விடாமல் தொடர வேண்டும். கை திடீரென்று செத்ததுபோல் பலமிழந்தாலும், மூட்டுக்குள் ஏதோ வழுக்கித் திரும்பிய உணர்வு வந்தாலும், வலி இல்லையே என்று அடுத்த சுற்றுக்குப் போகாமல் அன்றே கம்பை வைத்துவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். முழுதாக வெளியே வராமல் பாதி நழுவித் திரும்பும் தோள் இப்படித்தான் தன்னைத் தெரிவிக்கும்.